மண்ணை இழந்தவர்கள் கட்டிய சபை

ஊரை விட்டு வந்த நாளில் நாம் எதை எடுத்து வந்தோம்? சிலர் காணி உறுதியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார்கள். சிலர் விதைநெல்லில் ஒரு சாக்கு, சிலர் ஒரு கறவை மாடு, சிலர் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ். கோயிலையோ ஆலயத்தையோ யாரும் தூக்கி வரவில்லை. ஆனாலும் வந்து சேர்ந்த இடத்தில், சில நாட்களுக்குள், ஏதோ ஒரு மரத்தடியில் நாலு பேர் கூடிப் பாடத் தொடங்கியதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம்.

அந்த நாலு பேரின் கூட்டத்தை எப்படி மதிப்பிடுவது? அது துக்கத்தை ஆற்றிக்கொள்ளும் ஓர் இடம் மட்டும்தானா? அல்லது சிதறிய ஊர் மறுபடி ஊராவதற்கு இடப்படும் முதற் கல்லா?

இந்தப் பாடத்தில் இக்கேள்வியைச் சிந்திப்போம். அதற்கு உதவியாக, தூரதேசத்து மக்கள் ஒரு கூட்டத்தாரின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறோம். அவர்களும் காணியை இழந்தவர்கள். பிறருடைய வயலில் கூலிக்குப் போனவர்கள். அவர்கள் தமக்கென ஒரு பெந்தெகொஸ்தே சபையைக் கட்டினார்கள். அது அவர்களுக்கு எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை என்பது நம்மைப் போன்றவர்கள் அறிந்திருக்கவேண்டிய விடயம்.

நாடும் மக்களும்

தென் அமெரிக்காவின் நடுப்பகுதியில் சாக்கோ என்றொரு பரந்த சமவெளி உண்டு. ஆர்ஜென்ரீனா, பரகுவே, பொலிவியா ஆகிய நாடுகளுக்குள் அது பரந்து கிடக்கிறது. முள்மரக் காடு, சதுப்பு, புல்வெளி, மழைகாலத்தில் கரை புரளும் ஆறுகள், கோடையில் வெடித்துக் கிடக்கும் நிலம். வடக்கு ஆர்ஜென்ரீனாவில் இதே பெயருடன் ஒரு மாகாணமும் இருக்கிறது. அந்த ஒரு மாகாணமே இலங்கையைவிடப் பெரியது.

இங்கு வாழும் ஆதிக்குடிகளுள் ஒரு கூட்டத்தார் தம்மைக் கோம் என்று அழைத்துக்கொள்கிறார்கள். வெளியார் அவர்களுக்கு இட்ட பெயர் தோபா. நெற்றிப்பக்க மயிரை மழிக்கும் வழக்கத்தைக் கண்டு அயல் இனத்தவர் இட்ட பெயர் அது. 2010ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட குடிசன மதிப்பீட்டில் 126,000க்கு மேற்பட்டோர் தம்மைக் கோம் எனப் பதிந்தார்கள்.

முற்காலத்தில் இவர்கள் வேட்டையாடினர், ஆற்றில் மீன் பிடித்தனர், தேன் எடுத்தனர், காட்டுக்காய்களைச் சேர்த்தனர். நம் நாட்டின் வரண்ட பகுதிகளில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலின் இனத்தைச் சேர்ந்த ஒரு மரம் அங்கு உண்டு. அதன் இனிப்பான நெற்றுக்களே அவர்களுக்கு மாவாகவும் பானமாகவும் ஆயின. சில குடும்பங்கள் சேர்ந்த சிறு கூட்டங்களாகப் பருவத்துக்குப் பருவம் இடம் மாறினர். தலைவன் என்பவன் கட்டளையிடுபவன் அல்லன். எல்லாரையும் இணங்கச் செய்யப் பேசத் தெரிந்தவனும், கிடைத்ததைப் பகிர்ந்து கொடுப்பவனுமே தலைவனாக மதிக்கப்பட்டான். நோய் வந்தால் பார்ப்பதற்குப் பரியாரி இருந்தார். பரியாரியும் பூசாரியும் அவர்களிடத்தில் ஒருவரே.

காணி போன விதம்

1884ஆம் ஆண்டில் ஆர்ஜென்ரீன அரசின் போர் அமைச்சர் ஜெனரல் விக்ரோறிக்கா தலைமையில் படை சாக்கோவுக்குள் இறங்கியது. 1911இல் இன்னொரு படையெடுப்பு நடந்தது. ஆற்றங்கரைகளும் வேட்டைக்காடுகளும் மக்களின் கையை விட்டுப் போயின. பின்னாலேயே மரக்கம்பனிகள் வந்தன. கோடரியை முறிக்கும் மரம் என்று பொருள்படும் பெயருடைய கெப்ராச்சோ மரங்களை, தோல் பதனிடும் சாயத்துக்காகவும் இருப்புப்பாதைச் சிலிப்பர் கட்டைகளுக்காகவும் அவை வெட்டித் தள்ளின. அதன் பின்னர் வெளியிலிருந்து வந்த குடியேற்றக்காரருக்குக் காணி பிரித்துக் கொடுக்கப்பட்டது. பருத்திச் செய்கை பெருகியது.

கோம் மக்கள் தம் சொந்த மண்ணிலேயே கூலிக்காரரானார்கள். ஒரு பருவத்தில் பருத்தி பொறுக்கினார்கள். இன்னொரு பருவத்தில் மேற்கே சால்ற்றா, குகூய் மாகாணங்களின் கரும்பாலைகளுக்குக் குடும்பம் குடும்பமாகக் கூட்டிச் செல்லப்பட்டார்கள். அரசு 1911இல் நப்பல்பி என்னுமிடத்தில் ஒரு குடியிருப்பை அமைத்து, ஆதிக்குடிகளை அங்கு கொண்டுவந்து பயிர் செய்ய வைத்தது. பார்வைக்கு அது ஒரு குடியேற்றத் திட்டம். உள்ளே போனவர்களுக்கு அது ஒரு தொழிலாளர் முகாம்.

1924இல் நப்பல்பி நிருவாகம் ஆதிக்குடிகள் விளைவித்த பருத்தியின் விலையில் நூற்றுக்கு 15 பங்கைக் கழித்துக்கொள்ளத் தீர்மானித்தது. வேறிடம் போய் நல்ல கூலிக்கு உழைக்கலாம் என்றால், மாகாணத்தை விட்டு வெளியேற ஆளுநர் தடை விதித்தார். மக்கள் வேலையை நிறுத்தினார்கள். 1924 ஜூலை 19ஆம் திகதி காலையில் பொலிசாரும் ஆயுதம் தரித்த குடியேற்றக்காரரும், கூடியிருந்த கோம், மொக்கோவி மக்கள்மீது சுட்டார்கள். பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களுமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்கவேண்டிய ஒரு செய்தி உண்டு. வேலைநிறுத்தம் செய்தவர்களிடையே தீர்க்கதரிசனம் உரைக்கும் தலைவர்களும் இருந்தார்கள். குண்டு தம்மைத் துளைக்காது என்ற நம்பிக்கை அவர்களிடம் பரவியிருந்தது. குண்டு துளைத்தது. நம்பிய தலைவர்களும் நம்பிய ஆவிகளும் கைவிட்ட நிலையில் ஒரு மக்கள் கூட்டம் அடுத்த இருபது ஆண்டுகளைக் கழித்தது. கசநோயும் அம்மையும் வந்தன. பழைய பரியாரிமாருக்கு அந்நோய்கள் பிடிபடவில்லை. இந்த வெறுமைக்குள்தான் புதிய சபை பிறந்தது.

செய்தி வந்த வழி

1940களின் தொடக்கத்தில் சாக்கோ மாகாணத்தின் தலைநகரான றெசிஸ்ரென்சியாவில் ஜோன் லாகர் என்ற வெளிநாட்டு மிஷனரி ஒருவர் பெந்தெகொஸ்தே கூட்டங்களை நடத்தினார். அவர் கோம் மக்களைத் தேடிக் காட்டுக்குள் போய்ச் சபை அமைத்தார் என்று எண்ணவேண்டாம். நடந்தது மறுபுறமாக. கோம் மக்களே அவரைத் தேடி நகரத்துக்குப் போனார்கள். கேட்டார்கள், பாடினார்கள், சிலர் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஒரு வேதாகமத்துடன் ஊர் திரும்பினார்கள். திரும்பியவர்கள் தம் குடும்பத்தாரையும் அயலாரையும் கூட்டி, கண்டதையும் கேட்டதையும் தம் மொழியில் சொன்னார்கள். பம்பா டெல் இந்தியோ பகுதியின் தலைவரான பெட்றோ மார்ட்டினஸ் போன்றவர்கள் முன்னின்று தம் பகுதிகளில் வழிபாட்டுக் கூட்டங்களை உண்டாக்கினார்கள்.

இவ்வாறு ஒருவர் மற்றவருக்குச் சொல்ல, மைத்துனன் மைத்துனனுக்குச் சொல்ல, பருத்திக் கூலிக்குப் போன இடத்தில் சந்தித்தவர் சந்தித்தவருக்குச் சொல்ல, சில ஆண்டுகளுக்குள் ஊருக்கு ஊர் சிறு சபைகள் தோன்றின. மண்சுவர், பனை இனத்து மரத்தின் தண்டு, மேலே புல்வேய்ந்த கூரை. இவ்வளவுதான் ஆலயம். கட்டியவர்களும் அவர்களே, போதித்தவர்களும் அவர்களே.

ஏன் இந்த வகை வழிபாடு அவர்களைப் பற்றிக்கொண்டது? சில காரணங்களை நாம் எளிதாகக் காணலாம்.

முதலாவது, சுகத்துக்காகச் செபிப்பது. நோய்க்கும் நம்பிக்கைக்கும் உள்ள தொடர்பு அவர்களுக்குப் புதியதல்ல. புதிய நோய்களால் திகைத்திருந்தவர்களுக்குக் கை வைத்துச் செபிக்கும் ஒரு கூட்டம் வேண்டியிருந்தது.

இரண்டாவது, ஆடலும் பாடலும். முன்பு இரவுகளில் பாடி ஆடிய மக்கள் அவர்கள். அந்த மகிழ்ச்சிக்கு இச்சபையில் இடம் இருந்தது.

மூன்றாவது, பேசும் உரிமை. படித்தவர், படியாதவர் என்ற பேதமின்றி ஆவியானவர் யாரையும் பேசவைக்கலாம் என்பது பெந்தெகொஸ்தே நம்பிக்கை. முதலாளிக்கும் பொலிசுக்கும் முன்னால் வாய் திறக்க முடியாதிருந்த ஒருவர், இங்கு எழுந்து நின்று சாட்சி சொன்னார், மற்றவர்கள் கேட்டார்கள்.

நான்காவது, மதுவை விடுதல். கரும்பாலையிலிருந்து திரும்பும்போது கூலி முழுவதும் மதுவில் கரைந்துபோன குடும்பங்களுக்கு இதன் பொருள் சொல்லாமலே விளங்கும்.

கடையும் பண்ணையும் பள்ளியும்

இப்போது இந்தப் பாடத்தின் மையப் பகுதிக்கு வருகிறோம். கிராம அபிவிருத்தியில் ஈடுபடுவோர் யாவரும் இதை ஊன்றிப் படிக்கவேண்டும்.

1943இல் வட அமெரிக்காவின் மெனோனைற் சபையார் சாக்கோவில் கோம் மக்களுக்கென ஒரு மிஷன் நிலையத்தைத் தொடங்கினர். நல்ல மனத்தோடுதான் தொடங்கினர். பண்ணை அமைத்தார்கள். நியாய விலைக்குப் பொருள் கொடுக்கக் கடை வைத்தார்கள். பள்ளி நடத்தினார்கள். மருந்து கொடுத்தார்கள். ஞாயிறுதோறும் ஒழுங்கான ஆராதனை நடத்தினார்கள். அக்காலத்தில் மிஷன் வேலை என்றால் இவ்வளவும் இருக்கவேண்டும் என்றே எல்லாரும் கருதினார்கள்.

ஆனால் ஆண்டுகள் செல்ல அங்குள்ள ஊழியர்களுக்கு மனம் குழம்பியது. உழைப்புக்கு ஏற்ற பலன் இல்லை. அதேவேளை நிலையத்துக்கு வெளியே, தாங்கள் தொடங்காத, தாங்கள் நடத்தாத சபைகள் ஊருக்கு ஊர் பெருகிக்கொண்டிருந்தன. அங்கு கூட்டம் இரவிரவாக நடந்தது. ஆட்டமும் சத்தமும் அழுகையும் நிறைந்திருந்த அந்த வழிபாடு, அமைதியான ஆராதனைக்குப் பழகிய மெனோனைற் ஊழியருக்கு அந்நியமாக இருந்தது.

1954இல் வில்லியம் றேபேர்ன் என்ற மொழியியல், மானிடவியல் அறிஞர் மனைவியுடன் அங்கு அழைக்கப்பட்டார். கோம் மொழியை ஆராயவும், நிலைமையை விளங்கிக்கொள்ள உதவவும் அவர் வந்தார். அவருடைய ஆய்வு ஊழியரின் கண்களைத் திறந்தது. கோம் மக்களிடையே ஏற்கனவே ஒரு சபை உயிரோடு இருக்கிறது. அது மிஷன் நிலையத்தின் பிள்ளை அன்று. அதற்குத் தேவைப்படுவது ஓர் எசமானோ புதிய ஒரு பெயர்ப்பலகையோ அல்ல. இதுவே அவர்கள் கண்டுகொண்ட உண்மை.

பிறகு அவர்கள் செய்தது வரலாற்றில் அரிதாக நடக்கும் ஒரு காரியம். 1950களின் நடுப்பகுதியில் மிஷன் நிலையத்தை மூடினார்கள். மெனோனைற் சபை ஒன்றைக் கோம் மக்களிடையே நிறுவும் எண்ணத்தையும் கைவிட்டார்கள். வேலையை விட்டு ஓடிப்போகவில்லை. அல்பேட் பக்வால்ரர், அவர் மனைவி லோயிஸ் ஆகியோர் உட்பட அங்கேயே தங்கினார்கள். வேறு விதமாகத் தங்கினார்கள். தம்மைச் சகோதர ஊழியர் என்று அழைத்துக்கொண்டார்கள். ஊர் ஊராகப் போய்ச் சபைகளைச் சந்தித்தார்கள். விருந்தாளியாக உட்கார்ந்தார்கள். பேசக் கேட்டால் பேசினார்கள். கோம் மொழியைக் கற்று, கோம் மக்களோடு சேர்ந்து வேதாகமத்தை அம்மொழியில் பெயர்த்தார்கள். சபைகளிடையே செய்தி கொண்டுபோக ஒரு சிறு பத்திரிகையும் வெளிவந்தது. எங்கள் தூதன் என்று பொருள்படும் கோம் பெயரை அதற்கு இட்டார்கள்.

நாம் இங்கு சற்று நிற்போம். கடையும் பண்ணையும் மருந்தும் தேவையில்லாதவை என்று இந்த வரலாறு சொல்கிறதா? அப்படி விளங்கிக்கொள்ளக்கூடாது. பசித்தவனுக்குச் சோறும் நோயாளிக்கு மருந்தும் வேண்டும். ஆனால் கடைச் சாவி, பண்ணைக் கணக்கு, பள்ளி மணி, ஆராதனை ஒழுங்கு ஆகிய எல்லாம் ஒரே கையில் இருந்து, அந்தக் கை ஊராரின் கையாக இல்லாதபோது, அங்கு கூடுவோர் அங்கத்தவர் ஆவதில்லை. வரிசையில் நிற்போர் ஆகிறார்கள். நிலையம் மூடப்பட்ட பின்னும் மரத்தடிச் சபைகள் நின்றன. அவை முதல் நாளிலிருந்தே மக்களுடையவையாக இருந்ததே அதற்குக் காரணம்.

ஒரு கடதாசிக்காகப் பட்ட பாடு

மக்களின் கையில் இருப்பது போதுமா? போதாது என்பதைக் கோம் சபைகள் விரைவில் கண்டன.

1940களின் பிற்பகுதியில் ஆர்ஜென்ரீன அரசு, கத்தோலிக்கம் அல்லாத சமயக் குழுக்கள் யாவும் தலைநகரில் பதிவு பெறவேண்டும் என விதித்தது. பதிவு இல்லாத கூட்டம் சட்டத்துக்குப் புறம்பான கூட்டம். காட்டோரத்தில் இரவில் பாடும் ஆதிக்குடிகளைப் பொலிசார் வந்து கலைப்பதற்கு இந்தக் காரணமே போதுமாயிற்று.

அச்சம் வீணான அச்சம் அல்ல. கோம் மக்களுக்கு உறவான பிலகா மக்களுக்கு நேர்ந்ததை எல்லாரும் அறிந்திருந்தார்கள். 1947இல் கரும்பாலையில் பேசிய கூலி கிடைக்காமல், பசியோடு நடந்து திரும்பிய பிலகா மக்கள் ஃபோர்மோசாவில் லாஸ் லோமித்தாஸ் என்னும் ஊருக்கு அருகே, சுகமளித்துப் போதிக்கும் தொன்கியெத் என்பவரைச் சுற்றிப் பெருங்கூட்டமாகத் தங்கினார்கள். அவ்வாண்டு ஒக்ரோபரில் எல்லைக்காவற் படையினர் அவர்கள்மீது சுட்டனர். பல நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். வேதாகமத்தைக் கையில் வைத்திருப்பது மட்டும் ஒருவரைக் காப்பாற்றாது என்பது தெளிவாயிற்று.

ஆகவே கோம் தலைவர்கள் பதிவுக்காக முயன்றார்கள். அவுரேலியோ லோப்பஸ் முதலானோர் முன்னின்றனர். மனு எழுதவும் தலைநகரில் உரிய அலுவலகத்தை அணுகவும் சகோதர ஊழியர் துணைநின்றனர். 1958ஆம் ஆண்டளவில் ஐக்கிய சுவிசேஷத் திருச்சபை என்ற பெயரில் கோம் மக்களின் சபை பதிவு பெற்றது. தலைவர்களும் போதகர்களும் ஆதிக்குடிகளே. வெளிநாட்டு மிஷனின் கிளையாக இல்லாமல் ஆதிக்குடிகளே தம் பெயரில் பெற்ற பதிவு அது.

அதன் பிறகு சிறு சபை ஒவ்வொன்றும் அந்தப் பதிவு இலக்கத்தைக் காட்டித் தைரியமாகக் கூடலாம். போதகர்கள் அங்கத்துவ அட்டையைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்திருந்தார்கள். வழியில் மறிக்கப்பட்டால் நீட்டுவதற்கு ஒரு கடதாசி. அடையாள அட்டை இல்லாமல் வீதியில் நிற்பதன் பாரத்தை அறிந்த நமக்கு, அந்த அட்டையின் அருமையை யாரும் விளக்கவேண்டியதில்லை.

சபைக்குள் ஓர் இரவு

இச்சபைகளின் வழிபாடு பொதுவாக மாலையில் தொடங்கி இரவு வெகுநேரம் செல்லும். பாட்டுக்களும் வேதவாசிப்பும் பெரும்பாலும் ஸ்பானிய மொழியிலும் கோம் மொழியிலும் கலந்து நடக்கும். முதியவர்கள் கோம் மொழியிலேயே செபிப்பார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் உரத்துச் செபிப்பது வழக்கம். நோயாளிகள் முன்னே வர அவர்களுக்காகச் செபம் செய்யப்படும். மகிழ்ச்சி மேலிடும்போது ஆடுவார்கள். அந்த ஆட்டத்துக்கு அவர்கள் இட்ட பெயரே மகிழ்ச்சி என்பதுதான்.

ஒருவர் மட்டும் போதிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் முறை இங்கு இல்லை. ஒருவர் பின் ஒருவராகப் பலர் எழுந்து பேசுவார்கள். வேறு ஊரிலிருந்து வந்தவருக்கும் பேச இடம் கொடுப்பது மரியாதை. முன்னாளில் தலைவன் என்பவன் பேசத் தெரிந்தவனும் பகிர்ந்து கொடுப்பவனும் என்று மேலே கண்டோம். அதே பண்பையே இப்போது போதகரிடமும் எதிர்பார்த்தார்கள். சபையின் ஆண்டு விழா, பிள்ளையின் பிறந்தநாள் ஆகியவற்றில் எல்லாருக்கும் சோறு. தூர ஊர்ச் சபையார் வந்து தங்கிப் போவார்கள். இவ்விதமாக, பருத்தித் தோட்டங்களிலும் ஆலைகளிலும் சிதறிக் கிடந்த உறவு மறுபடி இணைக்கப்பட்டது.

1959இல் மெனோனைற் ஊழியராக அங்கு போய்ப் பின்னர் மானிடவியலாளரான எல்மர் மில்லர் என்பவர் இச்சபைகளைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். குலைந்துபோன சமூக இசைவை மீட்டெடுக்க இம்மக்கள் இச்சபையைக் கருவியாகக் கொண்டார்கள் என்பது அவருடைய விளக்கத்தின் சாரம்.

சபை செய்யாதது எது?

புகழ்ச்சியோடு நிறுத்திவிட்டால் இது பாடமாகாது. குறைகளையும் பார்ப்போம்.

சபைகள் பிரிந்தன. போதகருக்கும் போதகருக்கும் போட்டி ஏற்பட்டது. ஐக்கிய சபையிலிருந்து விலகிப் பலர் வேறு சபைகளில் சேர்ந்தனர். தேர்தல் காலத்தில் கட்சிக்காரர்கள் போதகர்களைத் தேடி வந்தனர். பழைய பரியாரிமாரின் பச்சிலை அறிவும் கதைகளும் பாவம் என்று சில இடங்களில் ஒதுக்கப்பட்டன. அதனால் நல்ல அறிவு சிலவும் கைநழுவியது.

எல்லாவற்றிலும் பெரியது காணிப் பிரச்சினை. சபை மக்களை நிமிர்ந்து நிற்கச் செய்தது. ஆனால் அது நிற்க நிலம் கொடுக்கவில்லை. 1960களிலிருந்து பருத்தி விலை சரிந்தது. பருத்தி பறிக்க இயந்திரம் வந்தது. கூலியும் இல்லாமற்போகக் குடும்பங்கள் மூட்டை கட்டின. றெசிஸ்ரென்சியா, றொசாரியோ, புவனஸ் அயர்ஸ் ஆகிய நகரங்களின் ஓரங்களில் தகரமும் பலகையுமாகக் கொட்டில்கள் எழுந்தன.

அங்கேயும் நடந்ததைக் கவனியுங்கள். நகரத்துக் கொட்டில்களுக்கிடையே சில காலத்துக்குள் ஒரு சபை எழும்பியது. அங்கு ஊரின் மொழி பேசப்பட்டது. புதிதாக வந்தவர் முதலில் அங்கேதான் போனார். யாருக்கு வேலை உண்டு, எந்தப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாம், ஊரில் யார் செத்தார் என்ற செய்தி யாவும் அங்கே கிடைத்தது. மரத்தையும் மண்சுவரையும் சாக்கோவில் விட்டு வந்தார்கள். பாட்டையும் மொழியையும் முறைப்படி பேசும் வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள்.

காணிக்கான வழி

காணி மீண்டது செபத்தால் மட்டும் அல்ல. சட்டத்தாலும் சங்கத்தாலும் நீண்ட பொறுமையாலுமே. ஆர்ஜென்ரீனாவில் இராணுவ ஆட்சி 1983இல் முடிந்த பின், 1984இல் ஃபோர்மோசா மாகாணமும் 1987இல் சாக்கோ மாகாணமும் ஆதிக்குடிகளுக்கான சட்டங்களை இயற்றின. 1994இல் திருத்தப்பட்ட நாட்டின் அரசியலமைப்பு, ஆதிக்குடிகள் பரம்பரையாக வாழ்ந்த நிலத்தில் சமூகமாக உடைமை கொள்ளும் உரிமையை ஏற்றது. சாக்கோவில் தெயூக்கோ, பெர்மெகீத்தோ ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலம் 1924இலேயே ஆதிக்குடிகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்தும் கைக்கு வராமல் இருந்தது. கோம் மக்கள் சங்கம் அமைத்து வாதாடினார்கள். 300,000 ஏக்கருக்கு மேற்பட்ட அந்நிலத்தின் உறுதி 2000ஆம் ஆண்டளவில் அச்சங்கத்தின் பெயருக்கு வந்தது. எழுத்தில் ஒதுக்கியதற்கும் கையில் கிடைத்ததற்கும் இடையே முக்கால் நூற்றாண்டு.

2010இல் சாக்கோ மாகாணம் கோம் மொழியை ஸ்பானிய மொழியோடு அரசகரும மொழிகளுள் ஒன்றாக ஏற்றது. 2019இல் நீதிமன்றம் ஒன்று 1947இன் பிலகாப் படுகொலையை மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்றது. 2022 மே மாதத்தில் இன்னொரு நீதிமன்றம், நப்பல்பியில் நடந்ததும் அத்தகைய குற்றமே எனவும் அதற்கு அரசே பொறுப்பு எனவும் தீர்ப்பளித்தது. 98 ஆண்டுகள் கழிந்துவிட்டன. சுட்டவர் யாரும் உயிருடன் இல்லை. ஆனால் பெற்றோரும் பாட்டன் பாட்டிமாரும் சொல்லிச் சென்றதை மக்கள் மறவாமல் காத்திருந்தபடியால் சாட்சி இருந்தது.

நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை

1. தூக்கிக்கொண்டு போகக்கூடியதை வளர்ப்போம். கட்டடம் மறுபடியும் கைவிடப்படலாம். ஒருவர் பேச மற்றவர் கேட்கும் பழக்கம், கணக்கைப் பொதுவில் வாசிக்கும் பழக்கம், விருந்தாளிக்கு இடம் கொடுக்கும் பழக்கம் ஆகியவை எந்த முகாமுக்கும் நம்முடன் வரும்.

2. உதவுவோர் ஒருநாள் போவார்கள். நல்லவர்களும் போவார்கள். அவர்கள் வந்த முதல் வாரத்திலேயே, சாவி யாரிடம், பதிவேடு யாரிடம், தீர்மானம் யாரிடம் என்று கேட்பது நன்றி கெட்ட செயல் அல்ல. நாம் வரிசையில் நிற்பவர்களா, அங்கத்தவர்களா என்பது அந்தக் கேள்வியில்தான் முடிவாகிறது. உதவ வருவோருக்கும் இதில் பாடம் உண்டு. எப்போது தொடங்குவது என்பதோடு, எப்போது கையை எடுப்பது என்பதையும் அவர்கள் அறிந்திருக்கவேண்டும்.

3. கடதாசியை அலட்சியம் செய்யாதிருப்போம். சபையோ சங்கமோ மாதர் குழுவோ, பதிவும் கூட்டக் குறிப்பும் அங்கத்தவர் இடாப்பும் இருக்கட்டும். காணி உறுதி, பெர்மிற், பற்றுச்சீட்டு என்பவற்றின் பிரதிகளை வேறு வேறு இடங்களில் வைத்திருப்போம்.

4. ஆறுதலோடு நின்றுவிடாதிருப்போம். சபை நமக்குக் குரலைத் தரலாம். அந்தக் குரலைக் காணிக்காகவும் கூலிக்காகவும் பயன்படுத்த வேறு அமைப்பு வேண்டும். சட்டம் தெரிந்தவர்களின் துணையும் வேண்டும். ஒன்று மற்றதற்குப் பதிலாகாது.

5. நடந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்வோம். ஊரின் பெயர், வாய்க்காலின் பெயர், வயலின் எல்லையில் நின்ற மரம், புறப்பட்ட நாள் ஆகியவற்றை எழுதி வைப்போம். நூறு ஆண்டு கழித்தும் அது சாட்சியாக எழும்பலாம்.

பெந்தெகொஸ்தே என்ற பெயரே எருசலேமில் நடந்ததாக வேதாகமம் கூறும் ஒரு நாளிலிருந்து வந்தது. அன்று பல தேசங்களிலிருந்து வந்திருந்தோர் ஒவ்வொருவரும் செய்தியைத் தத்தம் சொந்த மொழியிலேயே கேட்டனர் என்பது அந்த வரலாறு. கோம் மக்களும் தம் சொந்த மொழியில் கேட்டார்கள். தம் சொந்த வாயால் சொன்னார்கள். எந்தச் சமயத்தவராயினும், எந்தச் சங்கத்தவராயினும், நாமும் முதலில் திரும்பப் பெறவேண்டியது அந்த வாய்ச்சொல்லையே. மரத்தடியில் கூடும் அந்த நாலு பேரை இனி அற்பமாக எண்ணவேண்டாம்.

கூடிப் பேசுவதற்கான கேள்விகள்

(ஒருவர் பாடத்தை உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டபின் சிறு குழுக்களாகப் பேசலாம். பெண்களும் இளைஞரும் முதலில் பேச இடம் கொடுங்கள்.)

1. இடம்பெயர்ந்து வந்தபின் நாம் முதன்முதலில் கூடியது எங்கே? யார் கூட்டினார்கள்? அந்தக் கூட்டம் இன்றும் நடக்கிறதா?

2. நம்மிடையே வேலை செய்த நிறுவனங்களுள் போய்விட்டவை எவை? அவை போனபின் எது நின்றது, எது நின்றுபோனது? ஏன்?

3. மெனோனைற் ஊழியர் மிஷன் நிலையத்தை மூடியது சரியா? பள்ளியையும் மருந்தையும் இழந்த ஒரு தாயின் பக்கத்திலிருந்து இதைச் சிந்தித்துப் பாருங்கள்.

4. நம் சபையிலோ சங்கத்திலோ கடந்த மூன்று கூட்டங்களில் ஒரு சொல்லும் பேசாதவர் யார்? அவர் பேசுவதற்கு நாம் என்ன செய்யலாம்?

5. நம் குடும்பங்களின் காணிப் பத்திரங்கள் யார் யாரிடம், எந்த நிலையில் உள்ளன? தொலைந்தவற்றைப் பற்றி விசாரிக்க இம்மாதமே யார் போகலாம்?